குருகு எதைப் பார்த்தது?

மார்கழியில் ஒரு காலை. ஏரி மதகுக்குப் பக்கத்தில், வாய்க்கால் ஓரமாக ஒரு மடையான் நின்றிருந்தது. குருட்டுக்கொக்கு என்றும் சொல்வார்கள். மண் நிறம். கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, முதுகைக் கூனி நிற்கும். எழுந்து பறக்கும்போதுதான் உள்ளே இவ்வளவு வெள்ளை இருந்ததா என்று தோன்றும். நான் ஏழெட்டு அடி தள்ளிப் போய் உட்கார்ந்தேன். அது நகரவில்லை.

கால்களைத்தான் முதலில் கவனித்தேன். மெலிசாக, மங்கலான பச்சையில், நடுவில் ஒரு கணு வைத்த மாதிரி. பயிர்த்தாள் இரண்டைப் பிடுங்கி நட்டுவைத்ததுபோல் இருந்தது. யோசிக்காமலே வாய் முணுமுணுத்தது: "தினைத்தாள் அன்ன சிறுபசுங்கால." கல்லூரிக் காலத்திலிருந்து மனப்பாடமாக இருக்கும் வரி. பத்திருபது வருஷம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்த வரியைப் பார்த்தேன்.

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு தடவை எனக்கு இருமல் வந்தது. சாலையில் ஒரு டிராக்டர் போனது. அந்தப் பறவையின் கண் ஓடுகிற தண்ணீரை விட்டு அசையவே இல்லை.

குறுந்தொகை 25-ஆம் பாடல் இது. கபிலர் பாடியது. ஐந்தே அடி.

"யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே."

யாருக்கும் தெரியாமல் ஒருவனோடு கூடியவள் சொல்கிறாள். அங்கே வேறு யாரும் இல்லை. அவன்தான் இருந்தான், அவன்தான் கள்வன். அவனே பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? ஒரு குருகு மட்டும் அங்கே இருந்தது. அதுவும் ஓடுகிற தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தது. நீளமாய், பாம்பு மாதிரி வழுக்கிப் போகிற மீன் ஆரல். ஒரு நொடி கண்ணை எடுத்தால் போய்விடும். அதனால் அந்தச் சாட்சி எதையும் பார்க்கவில்லை.

குருகு இங்கே எதைக் குறிக்கிறது என்று கேட்டால் பல பதில்கள் வரும். மீனுக்காகக் காத்திருக்கும் குருகுதான் அந்தத் தலைவன், அவனுக்கு வேண்டியதிலேயே கண்ணாக இருந்தான் என்று படிப்பவர்கள் உண்டு. அப்படியும் படிக்கலாம், பாட்டு அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் அன்று ஏரிக்கரையில் எனக்குப் பட்டது வேறு. அவள் அந்தக் குருகின் காலை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறாள்! அலகைச் சொல்லவில்லை, இறகைச் சொல்லவில்லை. தினைத்தாள் போன்ற கால், அதன் பச்சை. அவள் தலை கவிழ்ந்திருந்திருக்கிறாள். கண் தரையோடு இருந்திருக்கிறது. அந்த வேளையில் அவள் முகம் பார்த்த திசை எது என்று ஒரு பறவையின் காலை வைத்தே சொல்லிவிட்டார் கபிலர். நான் படித்த உரை எதிலும் இதைப் பார்த்த ஞாபகம் இல்லை. என் சொந்த வாசிப்பு. தப்பாக இருந்தாலும் எனக்கு இனி அந்தப் பாட்டு இப்படித்தான்.

அந்தக் குருகு முதலில் குருகு. அதற்குப் பசி, மீன் வேண்டும். அது அப்படி இருப்பதால்தான் அவள் இவ்வளவு தனியாகிப் போகிறாள்.

*

பள்ளியில் எங்களுக்கு இதெல்லாம் ஓர் அட்டவணையாகத்தான் வந்தது. ஐந்து கட்டம். குறிஞ்சி என்றால் மலை, யாமம், புணர்தல். முல்லை என்றால் காடு, மாலை, இருத்தல். மருதம் வயல், வைகறை, ஊடல். நெய்தல் கடற்கரை, இரங்கல். பாலைக்கு நண்பகல், பிரிதல். கீழே தெய்வம், மரம், பறவை, பறை, யாழ், பண் என்று வரிசை. கட்டம் மாறி எழுதினால் மார்க் போகும். நான் நன்றாக எழுதி நல்ல மார்க் வாங்கினேன். ஒரு மரமும் ஒரு பறவையும் எனக்குத் தெரியாது.

அட்டவணை தப்பென்று சொல்ல மாட்டேன். தொல்காப்பியர் அப்படித்தான் பிரித்தார்: நிலமும் பொழுதும் முதற்பொருள், "தெய்வம் உணாவே மாமரம் புட்பறை" என்று தொடங்கும் பட்டியல் கருப்பொருள், புணர்தலும் பிரிதலும் மற்றவையும் உரிப்பொருள். மூன்றில் உரிப்பொருள்தான் மனிதர்களுக்குள் நடப்பது. ஒரு காதல் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல ஒரு மலையும் ஒரு நள்ளிரவும் ஒரு பூவும் போதும் என்று ஒரு மொழி முடிவு செய்து வைத்திருந்தது. இது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்த வயதில் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

இதைச் சொல்லும் தொல்காப்பிய அகத்திணையியலிலேயே இன்னொரு சூத்திரம் இருக்கிறது. அட்டவணைக்குள் அடங்காது என்பதாலோ என்னவோ, பாடப்புத்தகத்தில் அது வரவில்லை.

"எந்நில மருங்கின் பூவும் புள்ளும்
அந்நிலம் பொழுதொடு வாரா ஆயினும்
வந்த நிலத்தின் பயத்த ஆகும்."

எந்த நிலத்துப் பூவானாலும் பறவையானாலும், அதற்குரிய நிலத்தோடும் பொழுதோடும் வராமல் போனாலும், வந்து சேர்ந்த நிலத்தின் பயனையே அது தரும். குருகும் ஆரலும் தண்ணீர் நிலத்தவை. கட்டத்தில் போட்டால் மருதத்துக்கோ நெய்தலுக்கோ போகும். ஆனால் கபிலரின் அந்தப் பாட்டு குறிஞ்சித் திணை. மலைச்சாரலில் நடந்த களவுக் காதலுக்கு ஒரு நீர்ப்பறவை சாட்சியாக வந்து நிற்கிறது, வந்த இடத்தின் பொருளைத் தருகிறது. இந்தப் பூவுக்கு இந்த அர்த்தம் என்று அகராதி போட முடியாது என்பதை இலக்கணம் எழுதியவரே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு இந்த மூன்று அடி மேல் இருக்கும் பிரியம் கொஞ்ச நஞ்சமில்லை.

*

அர்த்தம் ஒட்டிக்கொள்ளும் முறைக்கு உள்ளுறை என்று பெயர். மருதத்தில் அது கூர்மையாக இருக்கும். ஆலங்குடி வங்கனாரின் குறுந்தொகைப் பாட்டு ஒன்று (8) போதும். வயலோரத்து மாமரத்திலிருந்து பழுத்து விழும் இனிய பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊரைச் சேர்ந்தவன் அவன் என்று தொடங்குகிறது. சொல்பவள் பரத்தை. மீன் மரம் ஏறவில்லை, பழத்தைத் தேடியும் போகவில்லை. பழம்தான் தானாக வந்து விழுந்தது. அவனைத் தன் பக்கம் இழுத்துவிட்டாள் என்று மனைவி வீட்டார் பேசியதற்கு இதுதான் பதில். ஒரு வார்த்தை நேராகச் சொல்லாமல், ஊரை வர்ணிக்கிற சாக்கில் சொல்லிவிடுகிறாள். அப்புறம்தான் அந்தப் புகழ்பெற்ற அடி வருகிறது. எங்கள் வீட்டில் பெரிய பேச்செல்லாம் பேசியவன், தன் வீட்டுக்குப் போனதும் நாம் கையும் காலும் தூக்கத் தானும் தூக்கும் கண்ணாடிப் பாவைபோல், மகனைப் பெற்றவள் சொன்னதையெல்லாம் செய்கிறான்.

இதில் தொல்காப்பியர் ஒரு வரம்பு வைக்கிறார். உள்ளுறைக்குக் கருப்பொருள் எதையும் எடுக்கலாம், தெய்வத்தைத் தவிர. "உள்ளுறை தெய்வம் ஒழிந்ததை நிலமெனக் கொள்ளும்" என்கிறார். மீனும் பழமும் எருமையும் வண்டும் மனிதருக்குப் பதிலாகப் பேசலாம், சாமி பேசக்கூடாது. நான் இதைப் படிக்கும்போதெல்லாம் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன். வாளைமீனை ஒரு ஆணாகப் பார்க்க முடிகிறது, ஏனென்றால் அதற்கும் நம்மைப் போலப் பசிக்கிறது, அதுவும் நம்மைப் போலச் சோம்பேறியாக இருக்கிறது.

*

கொன்றைக்கு வருகிறேன். இதில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

கார்காலம் தொடங்கும்போது வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் பொருள் தேடப் போயிருக்கிறான். கார் வந்ததற்கு அடையாளம் கொன்றை பூப்பது. முல்லைத் திணையில் இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. கொன்றை பூத்துவிட்டது, அவன் வரவில்லை. இனி என்ன?

குறுந்தொகையில் இரண்டு பேர் இரண்டு விதமாக இதை எதிர்கொள்கிறார்கள். 66-ஆம் பாட்டில் தோழி பேசுகிறாள். கோவர்த்தனார் பாடியது. "மடவ மன்ற தடவுநிலைக் கொன்றை" என்று ஆரம்பிக்கிறாள். இந்தக் கொன்றை மரங்கள் சுத்த மடத்தனமானவை. பருவம் தப்பிப் பெய்த மழையைக் கார் என்று நினைத்துக் கொத்துக் கொத்தாகப் பூத்துவிட்டன. அவர் சொன்ன பருவம் இன்னும் வரவில்லை.

தோழிக்கு உண்மை தெரியும். கார்தான் வந்திருக்கிறது. அழுகிற சிநேகிதியைப் பார்க்க முடியாமல் மரத்தின் மேல் பழி போடுகிறாள். ஆனால் எனக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. நான் பார்த்த சரக்கொன்றைகள் எல்லாம் சித்திரை, வைகாசி வெயிலில்தான் மஞ்சளாகத் தொங்கியிருக்கின்றன. இலை கூட இல்லாமல் முழு மரமும் பூவாக நிற்கும். கோடையில் ஒரு மழை பெய்த மறுநாள், பூ உதிர்ந்து தார்ச்சாலை முழுக்க மஞ்சள் ஒட்டிக்கிடக்கும். அதன் மேல் நடந்து போகும்போது, தோழி சொன்னது வெறும் சமாதானம் என்று எனக்குத் தோன்றவில்லை. மழைக்கு ஏமாந்து பூத்த மரம் என்று சொன்னால் நம்பக்கூடிய மரம்தான் கொன்றை. அவள் பொய்யை உண்மைக்கு மிக அருகில் வைத்துச் சொல்லியிருக்கிறாள். அன்புள்ளவர்கள் சொல்லும் பொய் அப்படித்தானே இருக்கும்.

இன்னொன்று 21-ஆம் பாட்டு, ஓதலாந்தையார் பாடியது. இங்கே தலைவியே பேசுகிறாள். பொன் அணி சூடிய பெண்களின் கூந்தல்போல் காடு முழுக்கப் புதுக்கொன்றை பூத்திருக்கிறது. "கானம் காரெனக் கூறினும் யானோ தேறேன் அவர் பொய்வழங் கலரே." காடே கார் என்று சொல்லட்டும், நான் நம்ப மாட்டேன். அவர் பொய் சொல்ல மாட்டார்.

ஒரு மனுஷனின் வார்த்தையை ஒரு தட்டிலும் பூத்துக் குலுங்கும் ஒரு காட்டை இன்னொரு தட்டிலும் வைக்கிறாள். வார்த்தை கனமாக இருக்கிறது அவளுக்கு. அவன் வரவில்லையென்றால் தவறு காட்டுடையது. கொன்றை கார்காலத்தின் குறியீடு என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போனால் இவள் கண்ணுக்கே பட மாட்டாள். குறி இன்னது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அந்தக் குறியை இவள் ஏற்க மறுக்கிறாள். அந்த மறுப்பில்தான் கவிதை இருக்கிறது. ஒரு தமிழ்ப்பெண் கண்முன்னால் நிற்கும் காட்டைப் பார்த்து நீ பொய் சொல்கிறாய் என்கிறாள்!

இதேபோல நிலாவைக் கோபித்துக்கொள்ளும் தோழி ஒருத்தி 47-ஆம் பாட்டில் இருக்கிறாள். வேங்கைப் பூ உதிர்ந்த பாறை புலிக்குட்டிபோல் தெரியும் காட்டு வழியில், இரவில் திருட்டுத்தனமாக வருகிறவருக்கு நீ நல்லது செய்யவில்லை, நெடு வெண்ணிலவே என்கிறாள். பாடியவர் பெயரே கிடைக்காமல், அந்தச் சொல்லையே பெயராக்கி நெடுவெண்ணிலவினார் என்று வைத்துவிட்டார்கள்.

*

குறிஞ்சிப்பூவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூப்பது. 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது. 2018-இல் கொடைக்கானல் பக்கம் போய்ப் பார்த்தேன். தூரத்திலிருந்து சரிவில் ஊதா நிழல் விழுந்ததுபோல் இருந்தது. பக்கத்தில் போனால் சின்னச் சின்ன மணி மாதிரிப் பூ, வெளிர்ந்த ஊதா. செடியின் தண்டுதான் என்னை இழுத்தது. முடிச்சு முடிச்சாக, கருத்துப் போய், கையில் சொரசொரப்பாக இருந்தது. தேவகுலத்தார் பாட்டில் (குறுந்தொகை 3) "கருங்கோல் குறிஞ்சி" என்று வருகிறது. கருங்கோல்! அந்தக் கவிஞர் இந்தச் செடியைத் தொட்டவர். சரிவு முழுக்கத் தேனீச் சத்தம், ஓர் இழுத்த சுருதி மாதிரி.

அந்தப் பாட்டில் பேசும் தலைவியின் காதல் நிலத்தைவிடப் பெரிது, வானைவிட உயர்ந்தது, கடலைவிட ஆழம். மூன்று பெரிய அளவுகளைச் சொல்லிவிட்டுச் சட்டென்று கருங்கோல் குறிஞ்சிப் பூவுக்குத் தேனீயை அனுப்பிவிடுகிறார். "பெருந்தேன் இழைக்கும்" நாட்டவனோடு உள்ள நட்பு. இவ்வளவு பெரிதை எப்படிச் சேர்த்தாய் என்று கேட்டால், பூப்பூவாகப் போய் என்று பதில்.

இந்தப் பாட்டை விளக்குகிறவர்களில் பலர் பன்னிரண்டு வருஷக் காத்திருப்பைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். அரிய பூ, அரிய காதல் என்று. எனக்கு அது ஒப்பவில்லை. பாட்டில் பன்னிரண்டு இல்லை, காத்திருப்பும் இல்லை. தண்டின் கருமையும் தேனும்தான் இருக்கின்றன. நமக்குத் தெரிந்த சுவாரசியமான தகவலைக் கவிதையின் வாயில் திணிப்பது, கவிதை பார்த்ததைப் பார்க்காமல் போவதில்தான் முடியும்.

*

புறப்பாட்டில் பூவுக்கு வேறு வேலை. ஆநிரை கவரப் போனால் வெட்சி, மீட்கப் போனால் கரந்தை, படையெடுத்தால் வஞ்சி, வென்றால் வாகை. யூனிபார்ம் மாதிரி, தூரத்திலிருந்து பார்த்தே என்ன நடக்கப்போகிறது என்று தெரிந்துகொள்ளலாம். மூவேந்தருக்கும் ஆளுக்கொரு மாலை: சேரனுக்குப் பனம்பூ, பாண்டியனுக்கு வேம்பு, சோழனுக்கு ஆத்தி. இதை வைத்துக் கோவூர் கிழார் செய்ததைப் பாருங்கள் (புறநானூறு 45). நலங்கிள்ளி நெடுங்கிள்ளியை முற்றுகையிட்டிருக்கிறான். இருவரும் சோழர்கள். உன்னை எதிர்ப்பவன் பனந்தோடு சூடியவன் இல்லை, வேம்பு சூடியவனும் இல்லை. உன் கண்ணியும் ஆத்தி, அவன் கண்ணியும் ஆத்தி. யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான். சண்டையை நிறுத்த அவர் கையில் எடுத்தது ஒரு பூ.

அந்த நாளில் குறியீடு என்பது கோடரியால் வெட்டக்கூடிய பொருள். ஒவ்வொரு மன்னனுக்கும் ஒரு காவல்மரம் இருந்தது. எதிரி வந்தால் முதலில் அதை வெட்டுவான். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் கடல் நடுவே பகைவரின் கடம்பை வெட்டி முரசு செய்ததைப் பதிற்றுப்பத்து பாடுகிறது. அதே கடம்பின் உருள்பூ மாலை முருகன் மார்பில் புரள்வதாகத் திருமுருகாற்றுப்படை சொல்கிறது. ஒரே மரம்தான். அந்த முருகனும் ஒரு மரத்தை வெட்டியவன். சூரன் மாமரமாக நிற்க, வேலால் தடிந்தான். அந்த மரத்தைக் "கவிழிணர் மா" என்கிறார் நக்கீரர். பூங்கொத்துகள் கீழ்நோக்கிக் கவிழ்ந்த மா. ஊரில் இருக்கிற மாமரங்களில் கொத்து மேல்நோக்கித்தான் நிமிர்ந்து நிற்கும். தலைகீழாகப் பூத்த மரம் என்று ஒரு சொல்லில் அதன் கேட்டைச் சொல்லிவிட்டார்.

இந்த வெட்டுகளுக்கு நடுவில் காரிக்கண்ணனாரின் குரல் ஒன்று இருக்கிறது (புறநானூறு 57). பாண்டியன் நன்மாறனிடம் சொல்கிறார். பகைவரின் வயலைக் கொள்ளையிடு, ஊரை எரி, வேலால் கொல், என்ன வேண்டுமானாலும் செய். "கடிமரம் தடிதல் ஓம்பு." காவல்மரத்தை மட்டும் வெட்டாதே. ஏன்? "நின் நெடுநல் யானைக்குக் கந்து ஆற்றாவே." உன் பெரிய யானையைக் கட்டும் தறியாக அவை தாங்காது.

எவ்வளவு பாவம் அந்தப் புலவர்! மரத்துக்காக மன்னனிடம் நேராகக் கெஞ்ச முடியவில்லை. உன் யானை அவ்வளவு பெரிது என்று புகழ்வதற்குள் மரத்தை ஒளித்துவைத்துக் காப்பாற்றப் பார்க்கிறார்.

அப்புறம் நொச்சி. எங்கள் வீட்டு வேலியில் இருந்தது. சளி பிடித்தால் ஆவி பிடிக்க அம்மா ஒடித்துக்கொண்டு வருவாள். ஐந்து விரல் விரித்த மாதிரி இலை, அடியில் வெளுப்பு, கசக்கினால் ஒரு காட்டு வாசனை. வெறிபாடிய காமக்கண்ணியார் இந்த நொச்சியைப் பாடியிருக்கிறார் (புறநானூறு 271). ஈரம் வற்றாத நிலத்தில் செழித்த நொச்சித் தழையைப் பெண்கள் இடையில் தழையாடையாக உடுத்தியிருக்கக் கண்டோம். இப்போது கோட்டையைக் காத்து நின்ற ஒரு வீரன் சூடிய மாலையாக, வெட்டுப்பட்டு, குருதியில் நனைந்து, உருவம் மறைந்து கிடக்கிறது. இறைச்சித் துண்டு என்று நினைத்து ஒரு பருந்து அதைத் தூக்கிக்கொண்டு மேலே போகிறது. அதையும் கண்டோம்.

"கண்டனம்" என்று இரண்டு முறை வருகிறது. வேறு எதுவும் சொல்லவில்லை. அழுகை இல்லை, போர் வேண்டாம் என்ற பேச்சும் இல்லை. ஒரே செடியை இரண்டு இடத்தில் கண்டோம். பருந்துக்குக் கூட அது இலை என்று தெரியவில்லை. காலையில் ஒடித்த தழை வாசனையோடு கையில் இருக்கும்போது இந்தப் பாட்டைப் படித்துப் பாருங்கள். எனக்கு அன்று அடுத்த பாட்டுக்குப் போக முடியவில்லை.

*

காப்பியத்துக்கு வந்தால் இயற்கை மாறிவிடுகிறது. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது வையை தன் கண்ணீரைப் பூவாடை போர்த்தி மறைத்துக்கொள்கிறாள். அகழியில் குவளையும் ஆம்பலும் தாமரையும் இவர்கள் படப்போகும் துயரத்தை அறிந்ததுபோல் கண்ணீரோடு நடுங்குகின்றன. கோட்டைக் கொடிகள் வராதீர்கள் என்று கை காட்டுகின்றன. எல்லாமே முன்கூட்டித் தெரிந்து தவிக்கின்றன, போகிற இருவருக்கு மட்டும் தெரியவில்லை. படித்துக் கண் கலங்காத வருஷமே எனக்கு இல்லை. இளங்கோ கவனமாக "போல" போட்டுத்தான் எழுதுகிறார், பூ அழுதது என்று சத்தியம் செய்யவில்லை. ஆனாலும் இரண்டில் ஒன்றைக் கேட்டால், தாமரை அழுததைவிடக் குருகு திரும்பிப் பார்க்காததே எனக்கு அதிகம் வலிக்கிறது.

*

கடைசியாகப் புன்னை. நற்றிணை 172.

ஒருத்தியின் காதலன் பகலில் கடற்கரைப் புன்னை நிழலுக்கு வருகிறான். பேசிச் சிரிக்கலாம் என்று வந்தவனிடம் தோழி சொல்கிறாள், இங்கே வேண்டாம். காரணம் ஒரு கதை. சின்ன வயதில் தோழிகளோடு விளையாடும்போது, வெள்ளை மணலில் ஒரு புன்னங்கொட்டையை அழுத்திவைத்து மறந்துவிட்டோம். அது முளைத்துவிட்டது. நெய் கலந்த பாலை ஊற்றி ஆசையாக வளர்த்தோம். அம்மா சொன்னாள், "நும்மினும் சிறந்தது நுவ்வை ஆகும்." உங்களைவிட நல்லவள், இவள் உங்கள் தங்கை. அதனால் இந்த மரத்தடியில் உன்னோடு சிரித்துப் பேச எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. நீ அன்பு காட்டுவதானால், "இறைபடு நீழல் பிறவுமார் உளவே." தங்கக்கூடிய நிழல் வேறு இடத்திலும் இருக்கிறது.

சீக்கிரம் கல்யாணம் செய்துகொள் என்பதுதான் உள்ளே இருக்கும் செய்தி என்று உரைகள் சொல்கின்றன. சரி. ஆனால் அந்தச் செய்திக்காக மரத்தைத் தங்கையாக்கினார்கள் என்று நான் நினைக்கவில்லை. அம்மா முன்னமே சொல்லிவிட்டாள். விளையாடி மறந்த கொட்டையிலிருந்து ஒரு தங்கை வந்துவிட்டாள், இனி அவளுக்குக் காது உண்டு, கண் உண்டு. குருகு பார்க்காமல் போனது ஒரு பெண்ணுக்குத் துக்கம். இங்கே புன்னை பார்த்துவிடும் என்பது இன்னொருத்திக்குக் கூச்சம். பெண்ணைப் பொறுத்தும் மரத்தைப் பொறுத்தும், வந்த நிலத்தைப் பொறுத்தும் அர்த்தம் மாறுகிறது.

கடற்கரைச் சாலையில் நான் வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு புன்னை இருக்கிறது. தடித்த, பளபளக்கும் இலை; பூக்கும் நாளில் வெள்ளை இதழுக்குள் மஞ்சள் தூள். கீழே கோலிக்குண்டு மாதிரிக் கொட்டைகள் உருண்டு கிடக்கும். போன மாதம் ஒரு மத்தியானம் அதன் நிழலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தேன். வேண்டியவர்தான். ஆனால் பேச்சு முற்றிப்போய், இரண்டு பேரும் சொல்லக்கூடாததைச் சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டோம். சொல்ல வாயெடுத்தபோது காலடியில் ஒரு கொட்டை மிதிபட்டது.

"ஒரு நிமிஷம்" என்றேன். நாலடி தள்ளி வெயிலுக்குப் போய் நின்றுகொண்டு மீதியைப் பேசினேன்.